விக்கல் எடுத்த வளையம்

ஷரஃபுதீன் பார்க்கும் வேலையைச் சொல்லிப் புரியவைப்பது லேசில்லை. "இசைத்தட்டு வெட்டறேன்" என்றால், "நல்லா இருக்கிற தட்டை எதுக்கு வெட்டணும்?" என்பார்கள். இருபது வருஷம் குடித்தனம் நடத்திய அஸ்மத்துன்னிசாவே சொந்தக்காரர்களிடம் "அவருக்கு மெஷின் வேலை" என்று சொல்லிப் பேச்சை முடித்துவிடுவாள். அவருக்கு அதில் கொஞ்சம் மனத்தாங்கல்தான்.

விஷயம் இவ்வளவுதான். வாசிக்கிறவர் வாசித்தது முதலில் நாடாவில் பதிவாகும். அந்த நாடாவை ஓடவிட்டு, மேல்பூச்சுப் பூசிய வழவழப்பான ஒரு தட்டில் ஊசியால் பள்ளம் கீறவேண்டும். அதிலிருந்து உலோக அச்சு, அச்சிலிருந்து ஆயிரம் ரெண்டாயிரம் தட்டு. முதல் தட்டில் கீறுகிறவன் கை கோணினால் ஊரில் இருக்கிற அத்தனை தட்டும் கோணல். தேனாம்பேட்டையில் அண்ணா சாலைக்குப் பின்னால் ஒரு சந்தில் இருந்த நாதமணி கம்பெனியில் அந்தக் கை ஷரஃபுதீனுடையது. வெட்டி முடித்ததும், பாட்டு ஓய்ந்து லேபிள் தொடங்குவதற்கு முன்னால் இருக்கும் வெற்றிடத்தில், எஃகு முள்ளால் 'ஷ' என்று கீறி அடியில் ஒரு கோடு போடுவார். கடைக்குப் போகிற ஒவ்வொரு தட்டிலும் அது இருக்கும். வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால்தான் கண்ணில் படும். எவன் சாய்த்துப் பிடிக்கப்போகிறான்? கோமளம் ஒருவர்தான் பிடித்தார்.

மயிலாப்பூர் வடக்கு மாட வீதியில் இருந்த கோமளம் ஜலதரங்கம் வாசிக்கிறவர். பதினெட்டுப் பீங்கான் கிண்ணம், அதில் அளந்து விட்ட தண்ணீர், கையில் ரெண்டு மெல்லிய குச்சி. எட்டு வருஷத்துக்கு முன்னால் வேறொரு கம்பெனி அவர் வாசிப்பைத் தட்டாகப் போட்டது. அதைக் கேட்டுவிட்டு, "கல்யாண ஆத்துக் கொல்லையில பாத்திரம் தேய்க்கிறாப்பல இருக்கு" என்று சொன்னவர், அதற்கப்புறம் எந்தக் கம்பெனிக்காரன் படியேறினாலும் காபி மட்டும் கொடுத்து அனுப்பிவிடுவார்.

அவர் கோபத்தில் நியாயம் இருந்தது. தட்டில் சத்தம் கூடக்கூடப் பள்ளம் அகலமாக ஆடும். ரொம்ப ஆடினால் பக்கத்துப் பள்ளத்தில் இடிக்கும், ஊசி குதிக்கும். அதற்கு ஒரு குறுக்கு வழி உண்டு. லிமிட்டர் என்று ஒரு பெட்டி. அது பெரிய சத்தத்தைத் தலையில் தட்டி உட்காரவைத்துவிட்டு, சின்ன சத்தத்தைக் காதைப் பிடித்து மேலே இழுக்கும். எல்லாம் ஒரே மட்டம் ஆனதும், மொத்தத்தையும் உயர்த்திவிடலாம். சினிமாப் பாட்டுக்கு அது பொருந்தினாலும் பொருந்தும். கிண்ணத்தில் விழுந்த அடி மெல்ல மெல்லத் தேய்ந்து ஒன்றுமில்லாமல் போவதுதான் ஜலதரங்கம். அந்தக் கார்வையைப் பிடித்து இழுத்தால் அப்புறம் என்ன மிச்சம்?

ஷரஃபுதீன் அவர் கச்சேரியை முன்வரிசையில் உட்கார்ந்து கேட்டவர். ஒருநாள் கம்பெனியில் கூட வேலை பார்த்த வெள்ளைத்துரையையும் கூட்டிக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனார். "அம்மா, அந்தப் பெட்டிய நான் தொடமாட்டேன். சத்தம் கொறச்சலா இருந்தா இருந்துக்கட்டும். உங்க கிண்ணத்துல இன்னா வந்துச்சோ அதான் தட்டுல வரும். என் பேச்சு இது" என்றார்.

கோமளம் ரொம்ப நேரம் அவரைப் பார்த்தார். "உங்க பேச்சை மட்டும் நம்பறேன் பாய். கம்பெனியை நம்பலை. நீங்க வெட்டின தட்டைச் சாய்ச்சுப் பாத்திருக்கேன். விக்கிற தட்டுல அந்த 'ஷ' இருந்தா நீங்க வெட்டினதுன்னு எடுத்துப்பேன். இல்லேன்னா ரெண்டாவது தட்டுக்கு என்னைக் கேக்கப்படாது" என்றார். அன்றைக்குத்தான் ஷரஃபுதீனின் வேலைக்கு ஒரு மரியாதை கிடைத்தது. வீட்டுக்கு வந்து அஸ்மத்துன்னிசாவிடம் நாலு தடவை சொன்னார்.

வெள்ளைத்துரையைப் பற்றிச் சொல்லவேண்டும். திருநெல்வேலிப் பக்கத்து ஆள், மேற்கு மாம்பலத்தில் குடியிருந்தான். மைக் வைத்து நாடாவில் பதிவு செய்வது அவன் வேலை. பதினோரு வருஷமாக இருவருக்கும் ஒரே அறை, ஒரே டீ. பண்டிகை வந்தால் கச்சேரி ரோட்டில் இருந்த ஷரஃபுதீன் வீட்டுப் பிரியாணியில் அவனுக்கு என்று ஒரு தட்டு தனியாகவே இருக்கும். ஷரஃபுதீன் லீவு போட்டால் மேடைப் பேச்சு, நாடக வசனம் மாதிரித் தட்டுகளை அவனே வெட்டுவான். வெட்டு சுத்தமாகத்தான் இருக்கும், ஒரே ஒரு குறையைத் தவிர. முன்பு ஒருமுறை மைக் ஸ்டாண்டின் இரும்பு அடிப்பாகம் வலது கட்டைவிரலில் விழுந்து, அந்த விரல் மடங்காமல் போய்விட்டது. பாட்டு முடிந்ததும் ஊசியை லேபிள் வரைக்கும் கொண்டுபோக, அந்த மெஷினில் ஒரு கைப்பிடியைச் சுற்றவேண்டும். தட்டின் கடைசியில் அகலமாகச் சுழலுமே ஒரு வளையம், அது அப்படி வருவதுதான். ஷரஃபுதீன் சுற்றினால் வளையம் சீராக இறங்கும். துரைக்குப் பாதியில் பிடி நழுவும். ஒரு கணம் நின்று, பிடியை மாற்றி, மறுபடி சுற்றுவான். அந்த இடத்தில் ரெண்டு கோடு நெருங்கி ஒட்டிக்கொண்டு நிற்கும்.

"இன்னா துரை, உன் வளையத்துக்கு விக்கல் எடுத்துக்கினு கீது. ஒரு மொடக்கு தண்ணி குடு" என்று ஷரஃபுதீன் கேலி செய்வார்.

"சும்மா இருங்க பாய். அத எவன் பாக்கப்போறான்?" என்பான் துரை.

1972 மே மாதம் பதிவு நடந்தது. ஜூனில் நாலு நாள் வீணாக்கி, மூன்று தட்டைக் குப்பையில் போட்டு, ஷரஃபுதீன் ரெண்டு பக்கத்தையும் வெட்டி முடித்தார். அதே அளவில் ஒரு சாம்பிள் தட்டும் வெட்டி, கோமளத்தைக் கம்பெனிக்கு வரவழைத்துப் போட்டுக் காட்டினார். கோமளம் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். முடிந்ததும், "என் கிண்ணம் நேக்கே இப்படிக் கேட்டதில்லை" என்று சொல்லிவிட்டு, சம்மதக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

முதலாளி ஜவஹருக்கு முகம் மலரவில்லை. தி.நகர் உஸ்மான் ரோட்டில் அவர்கள் குடும்பத்துக்கு ஜவுளிக்கடை. தட்டுக் கம்பெனி அவருடைய ஆசைக்கு ஆரம்பித்தது. "அண்ணாச்சி, பக்கத்துக் கடையில சினிமாப் பாட்டு போட்டா பனகல் பார்க் வரைக்கும் கேக்குது. நம்ம தட்டு கடை வாசலையே தாண்டலையே" என்றார்.

"வால்யூமைத் திருப்பினா தாண்டும் முதலாளி" என்றார் ஷரஃபுதீன்.

ஜவஹர் சிரித்தார். அவ்வளவு சுலபமாக அவர் சிரித்தபோதே ஷரஃபுதீனுக்கு உறைத்திருக்கவேண்டும். மனுஷன் அப்போது வேறு நினைப்பில் இருந்தார். மகள் வஜீஹாவுக்கு வாணியம்பாடியில் நிக்காஹ். நாலு நாள் லீவு கேட்கப் போனவரிடம் முதலாளி, "பத்து நாள் எடுத்துக்கோங்க" என்றார். மறுநாள் துரை ஒரு பெட்டியோடு கச்சேரி ரோட்டுக்கு வந்தான். உள்ளே கிளிப்பச்சையில் ஒரு பட்டுப்புடவை. "முதலாளி கொடுத்துவிட்டாரு. கலர் நான்தான் பாத்து எடுத்தேன். வஜீஹாவுக்கு எடுப்பா இருக்கும்லா?" என்றான். "நீங்க நிம்மதியாப் போயிட்டு வாங்க பாய். இங்க நான் பாத்துக்கிடுதேன்." அஸ்மத்துன்னிசா நெகிழ்ந்துபோய் அவன் பிள்ளைகளுக்கு ஒரு டப்பா நிறைய இனிப்புக் கட்டிக் கொடுத்தாள்.

ஆகஸ்டில் தட்டு கடைக்கு வந்தது. மூன்றாம் நாள் கோமளம் வீட்டில் வேலை செய்யும் பாஞ்சாலி கம்பெனி வாசலில் நின்றாள். கையில் பேப்பரில் சுற்றிய ஒரு தட்டு.

"அம்மா இத்த உங்களாண்ட குடுத்துட்டு வரச் சொன்னாங்கோ" என்றாள்.

"வேற இன்னா சொன்னாங்க?"

"ஒண்ணியும் சொல்லல. ரெண்டு நாளா கிண்ணத்த எடுக்காம குந்திக்கினு கீறாங்கோ."

ஷரஃபுதீன் தட்டைப் போட்டார். ஒவ்வொரு அடியும் முனை மழுங்கி விழுந்தது. தேயவேண்டிய கார்வை தேயாமல் அடுத்த அடியோடு முட்டிக்கொண்டு நின்றது. மிருதங்கம் வாய் திறந்தால் கிண்ணம் பதுங்கியது. மிருதங்கம் ஓய்ந்தால் கிண்ணம் மேலே பாய்ந்தது. கல்யாண வீட்டுப் பாத்திரம் மறுபடி கொல்லைக்கு வந்துவிட்டது.

முதலில் அச்சில் தவறு என்றுதான் நினைத்தார். அப்படித்தான் நினைக்க ஆசைப்பட்டார் என்றும் சொல்லலாம். தட்டை எடுத்துக்கொண்டு ஜன்னலுக்குப் போனார். அமைதியான இடம் கறுப்பாகவும் சத்தமான இடம் சாம்பலாகவும் தெரியவேண்டும். இது முழுக்கச் சாம்பலாக இருந்தது. அவர் வெட்டிய தட்டே இல்லை. ஆனால் உள்விளிம்பில் 'ஷ' இருந்தது. அடியில் கோடு இருந்தது. அவர் கையெழுத்தேதான், அச்சு அசலாக.

வெட்டும் மெஷினில் இருந்த பூதக்கண்ணாடியின் கீழே தட்டை வைத்தார். கடைசி வளையம் லேபிளை நோக்கி இறங்கியது. பாதி வழியில் ரெண்டு கோடு நெருங்கி ஒட்டிக்கொண்டு நின்றன. அப்புறம் மறுபடி இறங்கியது.

எழுத்தைப் பார்த்து எழுதப் பதினோரு வருஷம் இருந்தது அவனுக்கு. விரலை மாற்றிக்கொள்ளத்தான் வழியில்லை. ஷரஃபுதீன் கண்ணாடியிலிருந்து கண்ணை எடுக்காமல் அப்படியே உட்கார்ந்திருந்தார். யாரோ முகத்தில் காறித் துப்பியிருந்தால்கூடத் துடைத்துக்கொண்டு எழுந்திருப்பார். இது அப்படி இல்லை.

சாயங்காலம் டீக்கடையில் கேட்டார். துரை மழுப்பவில்லை. "ஆமா பாய், நான்தான்" என்றான். "முதலாளி ஒத்தக்கால்ல நின்னாரு. நீங்க இருந்தா மாட்டேன்னு சொல்லுவீங்க, அவரு சீட்டைக் கிழிப்பாரு. பொண்ணு கல்யாணத்தை வச்சுக்கிட்டு நீங்க நடுத்தெருவுல நிக்கணுமா? அதான் நானே வெட்டினேன்."

"வெட்டின, சரி. என் எழுத்த எதுக்குடா போட்ட?"

துரை டீ டம்ளரை ரெண்டு உள்ளங்கையாலும் பிடித்துக்கொண்டு தரையைப் பார்த்தான். "அது இல்லாட்டி அம்மா கண்டுபிடிச்சிருவாங்கள்லா. அடுத்த தட்டுக்குக் கையெழுத்துப் போடமாட்டாங்க. தப்புதான் பாய். உங்க காலைப் பிடிக்கச் சொன்னாலும் பிடிக்கேன்." கண் கலங்கியது. "நீங்க அம்மாகிட்ட ஒண்ணும் சொல்லாதீங்க. நான் செஞ்ச தப்ப நான்தான் சொல்லணும். ரெண்டு நாள் கொடுங்க. நானே போயிச் சொல்லுதேன்."

நம்பினார். நீங்கள் சிரித்தால் சிரித்துக்கொள்ளுங்கள், அவர் நம்பினார். பதினோரு வருஷம் தன் வீட்டுச் சோறு தின்றவன் தலையைக் குனிந்துகொண்டு நிற்கும்போது எப்படி நம்பாமல் இருப்பது? கோபம் இருந்தது. ஆனால் அந்தக் கோபத்துக்கு அடியில், எனக்காகத்தானே செய்தான் என்று ஒரு சின்ன ஈரமும் இருந்தது. அந்த ஈரத்தை நினைத்துத்தான் பிற்பாடு அவர் அதிகம் வெட்கப்பட்டார்.

ஞாயிற்றுக்கிழமை காலை, சாம்பிள் தட்டையும் கோமளம் திருப்பி அனுப்பிய தட்டையும் ஒரு துணியில் சுற்றிக்கொண்டு வடக்கு மாட வீதிக்கு நடந்தார். துரை எல்லாம் சொல்லியிருப்பான். தான் வெட்டியதை அவர் இன்னொரு தடவை கேட்டால் போதும் என்று நினைத்தார்.

"வாங்கோ பாய். பொண்ணு சௌக்கியமா?" என்று கோமளம் வரவேற்றார். முகத்தில் கோபமே இல்லை. "வெள்ளைத்துரை முந்தாநாள் வந்தார். எல்லாம் சொன்னார்."

"சொல்ட்டானாம்மா?" ஷரஃபுதீனுக்கு நெஞ்சில் இருந்த பாரம் இறங்கியது.

"சொன்னார். நான்தான் அவசரப்பட்டுத் தட்டைத் திருப்பி அனுப்பிச்சுட்டேன். பொண்ணைப் பெத்தவா கஷ்டம் நேக்கும் தெரியும் பாய். நீங்க ஒண்ணும் மனசுல வெச்சுக்காதீங்கோ."

அவருக்குப் புரியவில்லை. "இன்னா சொன்னாம்மா அவன்?"

"'முதலாளி கல்யாணத்துக்குப் பட்டுப்புடவை குடுத்தார், பாயால தட்ட முடியலை. அவர் கேட்டபடி சத்தத்தை ஏத்திக் குடுத்துட்டார். வேண்டாம் பாய்னு நான் எவ்வளவோ சொன்னேன். அவர்மேல கோவிச்சுக்காதீங்கம்மா'ன்னார். உங்களுக்காக அழுதார் பாய். இந்தக் காலத்துல யார் அப்படி இருக்கா?" என்றார் கோமளம். "அடுத்த தட்டை அவரே வெட்டறேன்னார். பாய்க்கும் தர்மசங்கடம் இல்லை, நானே பாத்துக்கறேன்னு. நானும் கையெழுத்துப் போட்டுக் குடுத்துட்டேன்."

ஷரஃபுதீன் துணியில் சுற்றிய தட்டுகளை மடிக்கு இழுத்துக்கொண்டார். எழுத்தைத் திருடினான், போகட்டும். நாற்காலியைப் பிடித்தான், அதுவும் போகட்டும். தனக்காகப் பரிந்து பேசுகிற மாதிரி பேசியே தன் கழுத்தை அறுத்திருக்கிறான். இந்த அம்மாள் மன்னித்தும் விட்டார். செய்யாத தப்புக்கு மன்னிப்பு வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பது அடி வாங்குவதைவிடக் கேவலமாக இருந்தது.

அவர் துணியை இறுக்கிப் பிடித்ததைக் கோமளம் வேறு மாதிரி எடுத்துக்கொண்டார். "புடவை குடுத்தது நெஜம்தானே?" என்று மெதுவாகக் கேட்டார்.

"நெஜம்தாம்மா" என்றார். வேறென்ன சொல்வது? கிளிப்பச்சையில், அவன் பார்த்து எடுத்த கலர். அதைக் கட்டிக்கொண்டு வஜீஹா எடுத்துக்கொண்ட போட்டோ வீட்டுக் கூடத்தில் மாட்டியிருக்கிறது.

துணியைப் பிரித்தார். சாம்பிள் தட்டை எடுத்து, அவர் வீட்டு கிராமபோனில் தானே வைத்தார். கோமளம் வேண்டாவெறுப்பாகத்தான் உட்கார்ந்தார். முதல் அடி விழுந்தது. கிண்ணத்தில் அது சுற்றி, தேய்ந்து, தெருவில் காய்கறிக்காரி கூவும் சத்தத்துக்குள் கரைந்து காணாமல் போனது. கோமளத்தின் விரல்கள் மடியில் தானாக அசைந்தன. பக்கம் முடியும்வரை அவர் எழுந்திருக்கவில்லை.

"இது அன்னிக்குக் கேட்டது" என்றார்.

"இது நான் வெட்டினது. அன்னிக்கு அப்புறம் நான் ஒரு தபா கூடப் போடலம்மா. சாம்பிள் தட்டு சீக்கிரம் தேஞ்சிரும்." ரெண்டு தட்டையும் ஜன்னலுக்குக் கொண்டுபோய் வெயிலில் சாய்த்தார். "காதால கேட்டீங்க. இப்ப கண்ணால பாருங்க. கடேசி வளையம். இது என் கை, நிக்காம போவுது. கடையில வந்தது இது. நடுவுல நின்னு பிடி மாத்திக் கீது. சுத்தினவனுக்குக் கட்டைவிரல் மடங்காது."

கோமளம் மூக்குக்கண்ணாடியை ஏற்றிக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார். அப்புறம் கண்ணாடியைக் கழற்றினார்.

"காபி டம்ளரை ரெண்டு கையாலயும்தான் பிடிச்சுண்டார்" என்றார். "சூடா இருக்கோன்னு கேட்டேன். சிரிச்சார்."

கழற்றிய கண்ணாடியை மடித்துக் கையில் வைத்துக்கொண்டார். "கையெழுத்துப் போட்டுட்டேனே பாய்" என்றார் கோமளம். "என்னை உக்காத்தி வெச்சு, என் கையாலயே உங்களை வெட்டிண்டு போயிருக்காரே."

ஷரஃபுதீன் சட்டைப்பையில் பேனா மாதிரிச் செருகியிருந்த எஃகு முள்ளை எடுத்தார். கடைத் தட்டைத் தொடைமேல் வைத்து, உள்விளிம்பில் இருந்த 'ஷ'வின் மேல் குறுக்கும் நெடுக்குமாகக் கீறினார். அழுத்தி, பொறுமையாக, எழுத்து இருந்த இடம் வெறும் வெள்ளைத் திட்டாகும்வரை கீறினார். பீங்கானில் கரண்டி உரசுகிற மாதிரி சத்தம் வந்தது.

"இதை ஒண்ணை அழிச்சு என்ன பிரயோஜனம்? கடையில ரெண்டாயிரம் தட்டு இருக்கே" என்றார் கோமளம்.

"உங்க வூட்ல இருக்கப்போறது இது ஒண்ணுதானேம்மா" என்று சொல்லிவிட்டு, தட்டைத் துணியால் துடைத்து அவர் கையில் கொடுத்தார்.